சின்ன மாற்றத்துக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் தலைகாட்டுகிறது. ஒரு ஹோட்டலுக்கு மொத்தமாகத் திரைச்சீலை தைக்கும் வேலை அவளிடம் வந்திருக்கிறது. கூடம் முழுக்கத் துணி மலைபோல் கிடப்பதால் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறோம். உனக்கு இருமல் நின்றுவிட்டதா? கம்பெனியில் குளிர் அறைக்குள் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

நீ போனில் கேட்டதற்கு நான் 'சரிக்கா' என்றேன் அல்லவா, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. போனில் யார் என்ன கேட்டாலும் எனக்கு 'சரி' என்றுதான் வரும். போன மாதம் இன்சூரன்ஸ் விற்கக் கூப்பிட்டவருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு வேறொரு வாய் முளைத்துவிடுகிறது.

நீ சொன்னதெல்லாம் புரிகிறது. பேக்கிங் கம்பெனியில் உன் பிரிவிலேயே ஓர் இடம் காலி. விடுதியில் உன் அறையில் ஒரு கட்டிலும் காலி. 'யார்கிட்டயும் பேச வேண்டாம்டி, பெட்டியில அடுக்கினா போதும், உனக்குன்னே செஞ்ச வேலை' என்றாய். மாதக் கடைசி வரைதான் சூப்பர்வைசர் காத்திருப்பார் என்றும் சொன்னாய். ஆனால் இங்கேயும் மாதக் கடைசிக்குள் ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது.

டிசைனர் அக்காவின் ஆபீஸில் நான் போன் எடுக்கிறேன் என்றுதான் நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். சேர்ந்தது அதற்குத்தான். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் நான் கழிப்பறைக்குப் போய்விடுவதை அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். 'உனக்கு இருக்கறது சர்க்கரை வியாதியா, போன் வியாதியா?' என்று கேட்டார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் போனைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டு, எழுத்தில் வருவதையெல்லாம் என்னிடம் தள்ளிவிட்டார்.

அவர் கடைகளுக்கும் டாக்டர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பவர். முடித்ததும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் பாஸ்வேர்டைக் கொடுத்து, எழுத்தையும் படத்தையும் அவர்களே மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் மாற்றிக்கொள்வதில்லை. நாற்காலி, கட்டில் செய்து விற்கும் மரக்கடை முதலாளி மட்டும் ஒருமுறை முயன்று, பேத்தியின் பிறந்தநாள் படத்தை முகப்பில் தலைகீழாகப் போட்டுவிட்டார். கட்டில் வாங்க நினைத்தவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்களாம். அதிலிருந்து அவரும் மற்றவர்களைப் போலவே, 'ஒரு சின்ன மாற்றம்தாம்மா' என்று அனுப்பிவிடுகிறார்.

அந்தச் சின்ன மாற்றங்கள்தான் என் வேலை. காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். வாய்க்கு வந்ததைப் பேசி அனுப்புவார்கள். நான் அதைப் படிக்கிறவருக்குப் புரியும்படி எழுதி, இருக்க வேண்டிய இடத்தில் வைப்பேன். அக்கா, எனக்கு இது பிடித்திருக்கிறது. வேறொருவர் சொல்ல வந்து சொல்ல முடியாமல் திணறுவதை நான் சொல்லிவிடுகிறேன். எனக்காக நான் சொல்ல வேண்டியதுதான் எனக்கு வராது.

போன வெள்ளிக்கிழமை டிசைனர் அக்கா என்னை உட்கார வைத்துப் பேசினார். 'வெப்சைட் செய்யக் காசு வாங்கறேன். இந்த மாற்றத்துக்கெல்லாம் வாங்கறதில்ல. உன் சம்பளம் என் கையிலேர்ந்துதான் போகுது. இந்த மாசத்துக்கு மேல என்னால முடியாது. உன் வேலைக்கு ஒரு விலை வை. அவங்க கொடுத்தா நீ இரு. கொடுக்கலைன்னா எனக்கு வேற வழி தெரியல' என்றார். நீங்களே வையுங்கள் என்றேன். 'நான் வச்சா அது என் வேலையாயிடும். நீயே வை, நீயே போய்ச் சொல்லு' என்றுவிட்டார்.

இரண்டு நாளாக யோசித்து, வார்த்தைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறேன். நம் தெருமுனை டைப்பிங் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்களே, அதைப் பார்த்துத்தான் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே, 'சேர்ந்தாப்ல பத்து வார்த்தை பேசாதவ வார்த்தைக்கு விலை வைக்கிறாளாம்' என்றாள். ஆனால் சிரித்தாள்.

அந்தக் கட்டிலை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

உன் ஊமைக்கோட்டான்

* * *

திங்கட்கிழமை, ஆபீஸ் முடிந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குறுஞ்செய்தி கிடைத்தது. 'உன் வார்த்தைக்கடை எப்படிப் போகுது முதலாளியம்மா?' என்று கேட்டிருந்தாய். கடையை மூடியாகிவிட்டது. இந்த இரண்டு வாரத்தில் இன்னொரு கடையும் திறந்து, அதையும் மூடிவிட்டேன். உட்கார்ந்து படி, நீளமான கதை.

வார்த்தைக் கணக்கில் முதலில் வந்தவர் மரக்கடை முதலாளி. தன் கடையைப் பற்றி ஏழெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். எந்த மரம் எந்தக் காற்றுக்கு எப்படி வளையும் என்பதில் தொடங்கி, சம்பந்தி தன்னிடம் கட்டில் வாங்காமல் வேறு கடையில் வாங்கியது வரை எல்லாம் இருந்தது. சம்பந்தியை எடுத்தேன். காற்றை ஒரே வரியாக்கினேன். மூன்று நாள் வேலை. கடைசியில் எட்டு வரி நின்றது. படித்தால் அந்தக் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றும், அப்படி வந்திருந்தது. பில் போட்டால் ஒரு டீக்கும் பன்னுக்கும்தான் தேறியது. அவர் பில்லைப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷமாக, 'இன்னும் நாலு வார்த்தை வெட்ட முடியுமாம்மா? பில்லும் குறையும்ல' என்று கேட்டார்.

டிசைனர் அக்கா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். 'உங்கம்மா திரைச்சீலைக்கு எத்தனை முழம் நூல் போச்சுன்னு எண்ணியா காசு வாங்கறாங்க? நீ நல்லா வேலை செய்யச் செய்ய உனக்குக் காசு குறையுது. இந்த மாதிரி விலையை நான் எங்கயும் பார்த்ததில்ல' என்றார்.

மணிக்கணக்கில் வாங்கலாமா என்று ஒருநாள் பார்த்தேன். நீச்சல் வகுப்பு டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது, எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்ப்பார் என்று. போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாகவே மதியம் முழுக்கப் போய்விட்டது. அந்த மதியத்தை யார் தலையில் கட்டுவது? அவர் பாவம். விட்டுவிட்டேன்.

அதன்பிறகுதான் மாற்றத்துக்கு இவ்வளவு என்று வைத்தேன். பெரிது, சிறிது எதுவானாலும் ஒரு மாற்றத்துக்கு ஒரே விலை. எல்லோருக்கும் எழுதி அனுப்பினேன். நீச்சல் டீச்சர் உடனே பேசி அனுப்பினார். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம், விசில், 'காலை உதறு, காலை உதறு' என்று யாரையோ அதட்டல். நடுநடுவே புது வகுப்பு நேரம், பழைய போட்டோவை எடுப்பது, தொப்பி கட்டாயம், துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும், இன்னும் என்னென்னவோ. முடிவில், 'இது ஒரு மாற்றம்தான் கண்ணு, ஒரே மூச்சுல சொன்னேன் பாரு' என்றார்.

ஆபீஸுக்கு எதிரே இருக்கும் பல் டாக்டர், 'அப்படின்னா எல்லாத்தையும் சேத்து வச்சு ஒரு நாள் சொல்றேன்' என்றார். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பல் டாக்டர் வாசலில் ஒருவர் ஒரு சிறுமியோடு நின்றார். அவளுக்குக் கன்னம் ஒரு பக்கம் பன் போல வீங்கியிருந்தது. அவர் கதவை இழுத்துப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். போனில் அவர் எதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும் அக்கா. 'சனிக்கிழமை மாலை ஆறு வரை' என்று அங்கே நான்தான் எழுதியிருக்கிறேன். டாக்டர் சனிக்கிழமையை மதியத்தோடு நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒரு சிறிய காகிதம் ஒட்டியிருந்தார். எனக்கு அதைச் சொல்லவில்லை. மற்ற மாற்றங்களோடு சேர்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவர்கள் முன்னால் போய் நின்றேன். கதவிலிருந்த காகிதத்தைக் காட்டினேன். அவர், 'போன்ல ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கேம்மா. ரெண்டு பஸ் மாறி வந்தோம்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்தச் சிறுமி அழக்கூட வாயைத் திறக்க முடியாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். அங்கே ஓடுவதற்குக் கழிப்பறை இல்லை. 'டாக்டர், வாசல்ல ஒரு குழந்தை நிக்குது, கன்னம் வீங்கியிருக்கு, உடனே வாங்க' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வீட்டுச் செருப்போடு வந்தார். வந்ததும் என்னிடம், 'சைட்ல மாத்தலையா நீ?' என்றார். 'நீங்க சொல்லலையே டாக்டர்' என்றேன். அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். அந்தச் சிறுமிக்கு இப்போது பரவாயில்லையாம்.

இன்று காலை டிசைனர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். 'உன் விலை எல்லார் வாயையும் கட்டிப்போட்டுடுச்சு. ஊரையே உன்னை மாதிரி ஆக்கி வச்சிருக்க' என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. கேட்க நினைத்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். வகுப்பில் புரியாததை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அது பெரிய விலை. கொடுக்க முடியாமல் கேட்பதை நிறுத்தினேன். பிறகு பள்ளிக்குப் போவதையே நிறுத்தினேன். அதே மாதிரி ஒரு விலையை நான் மற்றவர்களுக்கு வைத்துவிட்டேன்.

அதனால் மூன்றாவதாக ஒன்று யோசித்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரே தொகை. எத்தனை மாற்றம் வேண்டுமானாலும் சொல்லலாம். புதிதாக ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்றால் மட்டும் தனி. அதோடு, அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல், திங்கட்கிழமைதோறும் நானே ஒவ்வொருவரிடமும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்பேன். நீச்சல் டீச்சர் தினமும் மூச்சு விடாமல் அனுப்புவாரே என்று டிசைனர் அக்காவிடம் பயந்தேன். 'முதல் மாசம் அப்படித்தான் அனுப்புவாங்க. எவ்வளவு வேணும்னாலும் கேக்கலாம்னு நம்பிக்கை வந்துட்டா, தேவையானதை மட்டும்தான் கேப்பாங்க' என்கிறார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. முதலில் பல் டாக்டரிடம்தான் போகப் போகிறேன். சாப்பிடும்போது என்னை ஒருமுறை நினைத்துக்கொள்.

அன்புடன்,
தங்கை

* * *

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ இரண்டு முறை கூப்பிட்டாய். அம்மாவை எடுக்கச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. நான் எடுத்திருந்தால் மறுபடியும் 'சரிக்கா' என்றுதான் சொல்லியிருப்பேன்.

பல் டாக்டரிடம் போனதைச் சொல்கிறேன். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும், மாதம் இவ்வளவு டாக்டர் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு பல்லைப் பிடுங்க வாங்கும் தொகைதான் அது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'என்னம்மா, பத்தாவதோட நின்ன பொண்ணுக்கு மாசாமாசம் சம்பளமா? மாசாமாசம் எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கற மாதிரியில்ல இருக்கு' என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் யோசித்து வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோனது. மேசையில் இருந்த பிளாஸ்டிக் பல்செட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர், 'மாற்றமே இல்லாத மாசம்?' என்றார். 'அந்த மாசமும் திங்கக்கிழமை வந்து கேப்பேன் டாக்டர்' என்றேன். அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் பல்செட். அவர் பேனாவை உருட்டினார். 'ஒரு வருஷத்துக்குச் சேத்துக் கொடுத்தா குறைப்பியா?' என்றார். நான் பல்செட்டில் இருந்த பற்களை எண்ணிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே, 'சரி விடு, குறைக்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமை மாதிரி இன்னொண்ணு எனக்கு வேண்டாம். வருஷத்துக்கே கொடுத்துடறேன்' என்றார்.

டிசைனர் அக்கா இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். 'விலையைச் சொல்லிட்டு வாயை மூடிட்டு நிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு இன்னும் வரல. அவங்க மூஞ்சி கொஞ்சம் சுருங்கினா போதும், நானே குறைச்சிடுவேன். இனிமே என் பேரத்துக்கும் உன்னைத்தான் கூட்டிட்டுப் போகப் போறேன். பேச வேண்டாம், பக்கத்துல நின்னா போதும்' என்றார்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நீச்சல் டீச்சர் தன் தம்பி மகன் பார்த்துக்கொள்வான் என்றுவிட்டார். இரண்டு கடைக்காரர்கள் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நழுவிவிட்டார்கள். மரக்கடை முதலாளி உடனே சரி என்றார். ஆனால் 'இப்ப நீளமா எழுதலாம்ல? காசு ஒண்ணுதானே?' என்று சம்பந்தியை மறுபடியும் கொண்டுவந்துவிட்டார். நான் மறுபடியும் எடுத்துவிட்டேன். மொத்தத்தில் டிசைனர் அக்காவின் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். இனிப் புதிதாக வெப்சைட் செய்துகொள்ளும் எல்லோருக்கும் முதல் நாளே இதையும் சேர்த்துச் சொல்லப் போகிறார். அவர் பில்லிலேயே வாங்கி, தனக்கு ஒரு சிறு பங்கு எடுத்துக்கொண்டு மீதியை எனக்குத் தருவார். நானே பில் அனுப்பிக் காசு கேட்க வேண்டாம் என்பதில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

போன திங்கட்கிழமை முதல்முறையாக எல்லோரையும் கேட்டேன். சிலருக்கு எழுதிக் கேட்டேன், சிலரைப் போனில். ஒருவர் கடையை இடம் மாற்றியே வெகுநாள் ஆகிவிட்டதாம். நான் கேட்கும்வரை சைட்டில் பழைய முகவரிதான் இருந்தது. 'நீ கேட்டியேம்மா, அதான் ஞாபகம் வந்துது' என்றார்.

இன்னொன்று. டிசைனர் அக்காவின் சிநேகிதர் ஒருவர், தாடிக்காரர், அவரும் வெப்சைட் செய்பவர். தன் வாடிக்கையாளர்களின் சின்ன மாற்றங்களால் தன் வேலையே நடக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர். வியாழக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார். ஒருவரே பல பேரைக் கொண்டுவருவதால் தலைக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்று டிசைனர் அக்கா சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நானே முடிவு செய்ய வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருக்கிறது.

இப்போது வருவது நீ சொன்ன பேக்கிங் கம்பெனிச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். அது போதுமா என்று நீ கேட்பாய். இந்த வருடத்துக்குப் போதாது. அம்மாவிடம் கேட்டேன், நான் என்ன செய்யட்டும் என்று. துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். 'நீ அங்க போனா அவளுக்கு நல்லது, இங்க இருந்தா எனக்கு நல்லது. உனக்கு எது நல்லதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்காத' என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா, நான் இங்கேயே இருக்கிறேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு. நீ எனக்காக அவரிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு போர்வைகூட வாங்கி அந்தக் கட்டிலில் மடித்து வைத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். பச்சை நிறம் என்றும் சொன்னாள். எனக்குப் பச்சை பிடிக்கும் என்று நீ மறக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்காதே. இருமல் போகும்வரை உன் போர்வையோடு அதையும் சேர்த்து நீயே போர்த்திக்கொள்.

இனி எனக்கென்று தனியாகப் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். எனக்காக எடுத்துக்கொண்ட இரவு ஷிப்டை முதலில் விட்டுவிடு. வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது. பக்கத்து அறையில் ஒரு பெண் பாடிக்கொண்டே துணி துவைப்பாள் என்று ஒருமுறை சொன்னாயே, அவள் கதவைத் தட்டு. உனக்கு என்னைப் போல் கூச்சம் ஒன்றும் கிடையாது. இன்று இரவு உன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடு. நாளைக்கும் அப்படியே சாப்பிடு. தனியாகச் சாப்பிடாதே அக்கா.

என்றும் உன்,
தங்கை